யாருடைய புள்ளி இது? ஒரு சிறு வடிவ வரைவு நிரல் உருவான விவரம்

அக்கா ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறாள். வினாத்தாள் தட்டச்சு செய்யும்போதெல்லாம் அவள் மாட்டிக்கொள்வது படத்தில்தான். வட்டத்துக்குள் ஒரு முக்கோணம், மூன்று முனைகளுக்கும் பெயர், ஒரு பக்கத்தில் ‘8 செ.மீ.’ என்று ஓர் அளவு. ஆவணம் எழுதும் மென்பொருளில் வரைந்தால், மேலே ஒரு வரி கூடினாலே வட்டம் ஒரு பக்கமும் முக்கோணம் ஒரு பக்கமும் போய்விடும். வண்ணம் தீட்டும் நிரலில் வரைந்தால், முக்கோணத்தைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டுமென்றாலும் அழித்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும். கடைசியில் தாளில் பேனாவால் வரைந்து, செல்போனில் படம் பிடித்து ஒட்டுவாள். ஜெராக்ஸ் எடுத்த பிறகு அதில் கோடு தெரியும், அளவு தெரியாது.

“நாலு வடிவம் போதும்டா. கோடு, முக்கோணம், செவ்வகம், வட்டம். நகர்த்த முடியணும், பேர் போட முடியணும். வேற எதுவும் வேணாம்” என்றாள்.

இரண்டு வார இறுதிகளில் முடியும் என்று சொன்னேன். நான்கு மாதம் ஆயிற்று. வடிவங்களைத் திரையில் வரையும் பகுதி, எழுதிய நிரலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வரைந்ததைத் திரும்பத் தொடுவதற்காக எழுதியது. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பதிப்பில் மை மட்டும் இருந்தது

உலாவியில் ஓடும் நிரலாகவே தொடங்கினேன். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது, உலாவி மட்டும் இருக்கும். வரைவதற்கு உலாவி தரும் கேன்வாஸ் என்ற பரப்பில் மவுஸை அழுத்திய இடம் ஒரு மூலை, விட்ட இடம் எதிர்மூலை, நடுவில் செவ்வகம். ஒரே மாலையில் நான்கு வடிவங்களும் வந்துவிட்டன. கீழிருந்து மேலாகவோ வலமிருந்து இடமாகவோ இழுத்தால் அகலமும் உயரமும் எதிர்மறை எண்களாகிவிடும். இரண்டு மூலைகளில் சிறிய எண்ணைத் தொடக்கமாகவும், வித்தியாசத்தின் மட்டு மதிப்பை அளவாகவும் எடுத்தால் அது சரியாகிவிடும்.

அக்காவிடம் காட்டினேன். வட்டம் போட்டாள். அதை நகர்த்த அதன்மேல் அழுத்தி இழுத்தாள். வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் முளைத்தது.

அங்கே வட்டம் என்று ஒன்று இருப்பது நிரலுக்குத் தெரியாது. அதன் கையில் இருந்தவை நிறம் மாறிய பிக்சல்கள் மட்டுமே. 1984-ல் வந்த மெக்கின்டோஷ் கணினியில் இந்த இரண்டு அணுகுமுறைகளும் தனித்தனி நிரல்களாகவே இருந்தன. பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் பிக்சல்களைக் கையாண்டது. மார்க் கட்டர் எழுதிய மேக்டிரா வடிவங்களைப் பொருள்களாக நினைவில் வைத்திருந்தது. அக்கா கேட்டது இரண்டாவது வகை. நான் கொடுத்தது முதல் வகை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு பட்டியலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வடிவமும் பட்டியலில் ஒரு பதிவு: அடையாள எண், வகை, இடம், அளவு, திரும்பிய கோணம், கோட்டின் தடிமன், உள்நிறம். பட்டியலின் வரிசையே அடுக்கு வரிசை. முதலில் இருப்பது அடியில், கடைசியில் இருப்பது மேலே. இந்தப் பட்டியல்தான் படம். திரை அதன் நிழல் மட்டுமே. எதை மாற்றினாலும் பட்டியலில்தான் மாற்ற வேண்டும், திரை அதைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இந்த ஒரு விதியை மீறிய இடங்களில் எல்லாம் பின்னால் பிழை வந்தது.

தொட்டது எது?

பட்டியல் வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. மவுஸ் இருக்கும் இடத்தில் இருப்பது எந்த வடிவம்?

இதற்கு நான் மிகவும் மதிக்கும் விடை 1963-ல் எழுதப்பட்டது. எம்.ஐ.டி. மாணவராக இருந்த ஐவன் சதர்லேண்ட், லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைவு நிரலை எழுதினார். திரையில் ஒளிப்பேனாவை வைத்தால் அது அங்கே ஒளிரும் புள்ளியை உணரும். அந்தப் புள்ளி எந்தக் கோட்டைச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? டிஎக்ஸ்-2-ல் ஒரு சொல் 36 பிட். திரையில் காட்ட வேண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சொல் ஒதுக்கினார். அதில் 20 பிட் புள்ளியின் இடத்தைச் சொல்லும், மீதி 16 பிட் அந்தப் புள்ளி எந்த உருவத்தைச் சேர்ந்தது என்பதற்கான நினைவக முகவரி. ஒவ்வொரு புள்ளியும் தன் சொந்தக்காரன் யார் என்பதைத் தன்னுடனேயே வைத்திருந்தது. அவ்வளவு சிறிய நினைவகத்தில், கிட்டத்தட்ட பாதி இடத்தை ‘நீ யாருடைய புள்ளி’ என்ற கேள்விக்கே கொடுத்திருக்கிறார். வரைவு நிரலின் கடினமான பகுதி எது என்பதை அந்த ஒதுக்கீடே காட்டிவிடுகிறது.

இன்றும் இதே வழியில் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேன்வாஸில் ஒவ்வொரு வடிவத்தையும் ஒவ்வொரு நிறத்தில் வரைந்து, மவுஸ் இருக்கும் பிக்சலின் நிறத்தைப் படித்தால் வடிவம் தெரிந்துவிடும். முயன்று பார்த்தேன். கோட்டின் ஓரங்களை வழவழப்பாக்க உலாவி இடைப்பட்ட நிறங்களைப் பூசுகிறது. அந்தக் கலப்பு நிறம் வேறொரு வடிவத்தின் எண்ணாகிவிடுகிறது. ஓரத்தைத் தொட்டால் சம்பந்தமில்லாத வடிவம் தேர்வானது. விட்டுவிட்டேன்.

கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதே சரி என்று முடிவு செய்தேன். கோட்டுக்கு, புள்ளியிலிருந்து கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம். இதில் நான் செய்த தவறு பலரும் செய்வது. (0, 0) முதல் (100, 0) வரை ஒரு கோடு இருக்கிறது. அழுத்திய இடம் (130, 4). செங்குத்துத் தூரம் 4 என்று வரும், கோடு தேர்வாகிவிடும். ஆனால் அந்த இடம் கோட்டின் முனையைத் தாண்டி 30 அலகு தள்ளி இருக்கிறது. சூத்திரம் அளந்தது முடிவற்ற நேர்கோட்டுக்கு, நம்மிடம் இருப்பது கோட்டுத்துண்டு. செங்குத்து விழும் இடத்தை இரு முனைகளுக்குள் கட்டுப்படுத்திவிட்டுத் தூரத்தை அளந்தால் 30.27 வரும். அக்காவிடம் சொன்னபோது, “இதைத்தான் வருஷா வருஷம் கத்துறேன், நேர்கோடு வேற, கோட்டுத்துண்டு வேற” என்றாள்.

எவ்வளவு தூரம்வரை ‘தொட்டதாக’ எடுத்துக்கொள்வது? திரையில் 6 பிக்சல் என்று வைத்தேன். திரையில் என்பது முக்கியம். படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது படத்தின் அளவில் 3 ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்கத் தொடும் எல்லையும் பெருத்து, நெருக்கமான கோடுகளில் எது தேர்வாகும் என்றே தெரியாமல் போகும்.

வட்டத்தை நீட்டினால் வரும் நீள்வட்டத்தின் ஓரத்துக்கான சரியான தூரத்துக்கு எளிய சூத்திரம் கிடையாது. அந்த எல்லை அளவு பெரிதாக்கிய நீள்வட்டத்துக்கு உள்ளேயும், அதே அளவு சிறிதாக்கியதற்கு வெளியேயும் புள்ளி இருந்தால் ஓரத்தைத் தொட்டதாக எடுத்துக்கொண்டேன். கை அந்த வித்தியாசத்தை உணராது.

கணக்கு சரியாகியும் அக்காவுக்குச் சரியாகவில்லை. “முக்கோணத்தைத் தொட்டா வட்டம்தான் நகருது.” முக்கோணத்தைச் சுற்றி வட்டத்தைப் பிறகு வரைந்திருந்தாள். மேலே இருப்பதால் வட்டத்தின் உட்பகுதி எல்லா அழுத்தங்களையும் வாங்கிக்கொண்டது. உள்நிறம் இல்லாத வடிவத்துக்கு ஓரம் மட்டும் போதும் என்று மாற்றினேன். அடுத்த வாரம் வேறு புகார்: தனியாக இருக்கும் வட்டத்தை நகர்த்த அதன் ஓரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு புகாரும் நியாயமானவை. கடைசியில் தேடலை இரண்டு சுற்றாகப் பிரித்தேன். முதல் சுற்றில் மேலிருந்து கீழாக எல்லா ஓரங்களையும், நிறம் நிரப்பிய உட்பகுதிகளையும் பார்ப்பது. எதுவும் அகப்படாவிட்டால் மட்டும் இரண்டாவது சுற்றில் வெற்று உட்பகுதிகளைப் பார்ப்பது. அதிலும் பல இருந்தால் பரப்பு குறைந்தது வெல்லும். இதற்குப் பிறகு தேர்வு பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

சதுரம் என்பது தனி வகையா?

பொருள்நோக்கு நிரலாக்கம் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் இந்த எடுத்துக்காட்டு அடிக்கடி வரும். செவ்வகம் ஒரு வகுப்பு (நிரலில் ஓர் இனப் பொருள்களுக்கான வார்ப்பு), அதிலிருந்து பிறந்த சதுரம் இன்னொரு வகுப்பு. கணிதத்தில் எல்லாச் சதுரமும் செவ்வகம்தான். ஆனால் செவ்வகத்திடம் ‘அகலத்தை மட்டும் மாற்று’ என்று சொல்லலாம், சதுரத்திடம் சொல்ல முடியாது. சொன்னால் அது சதுரமாக இருக்காது, அல்லது சொல்லாத உயரத்தையும் மாற்றும்.

பாடமாகப் படித்தபோது எனக்கு இது வெறும் சொல்விளையாட்டாகத் தெரிந்தது. அக்காவின் வினாத்தாளில் அப்படி இல்லை. ‘படத்தில் உள்ள சதுரத்தின்’ என்று கேள்வி தொடங்கினால் படம் உண்மையாகவே சதுரமாக இருக்க வேண்டும். பிறகு அளவை மாற்றினாலும் இருக்க வேண்டும். வரையும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திச் சதுரமாக்குவது மட்டும் போதாது, அந்த எண்ணம் பதிவிலும் தங்க வேண்டும். தனி வகுப்பு வைக்கவில்லை. செவ்வகப் பதிவிலேயே ‘விகிதம் பூட்டியது’ என்று ஒரு புலம் சேர்த்தேன். வட்டமும் அப்படியே, விகிதம் பூட்டிய நீள்வட்டம். பூட்டைத் திறந்தால் மறுபடி சாதாரண செவ்வகம். வகுப்பாக இருந்திருந்தால் ஒரு பொருளைப் பாதியில் வேறு இனமாக மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

முக்கோணத்தை மட்டும் வேறு மாதிரி வைத்தேன். அதற்கு அகலம் உயரம் இல்லை, மூன்று முனைகளின் ஆயத்தொலைவுகள் மட்டுமே. கணக்கு ஆசிரியருக்கு முக்கோணம் என்றால் முனைகளைப் பிடித்து இழுப்பதுதான்.

கைப்பிடிகள்

தேர்ந்தெடுத்த செவ்வகத்தைச் சுற்றி எட்டுச் சிறு கட்டங்கள் தோன்றும். ஒன்றை இழுத்தால் எதிரில் இருப்பது அசையாமல் நிற்க வேண்டும். சாய்க்காத செவ்வகத்தில் இது எளிது. 30 டிகிரி சாய்த்த செவ்வகத்தில் வலப்பக்கத்தை இழுத்தபோது இடப்பக்கமும் சேர்ந்து ஊர்ந்தது. ஒரு முழு வார இறுதி இதில் போயிற்று.

காரணம் எண்களில் தெளிவாகத் தெரியும். அகலம் 100, உயரம் 60. அகலத்தை 140 ஆக்குகிறோம். சுழற்சி எப்போதும் மையத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் செய்தது, சாய்க்காத செவ்வகத்தின் இடமேல் மூலையை அப்படியே வைத்து அகலத்தை மட்டும் கூட்டியது. அதனால் மையம் கிடைமட்டமாக 20 நகர்ந்தது. ஆனால் செவ்வகம் 30 டிகிரி சாய்ந்திருப்பதால் மையம் அந்தச் சாய்விலேயே 20 நகர்ந்திருக்க வேண்டும்: கிடைமட்டத்தில் 17.32, செங்குத்தில் 10. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10.35 அலகு. இடப்பக்கம் ஊர்ந்தது சரியாக அந்த அளவுதான்.

சரியான வரிசை இது. மவுஸ் இருக்கும் இடத்தை முதலில் செவ்வகத்தின் சாய்வைக் கழித்து அதன் சொந்த அச்சுகளுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே புதிய அகலத்தைக் கணக்கிட வேண்டும். மையத்தின் நகர்வையும் அங்கேயே கண்டு, சாய்வைத் திரும்பச் சேர்த்து, பிறகுதான் புதிய இடத்தை எழுத வேண்டும். இந்தக் கணக்குகளைத் திரையோடு ஒட்டாத தனிச் செயல்கூறுகளாக வைத்ததால், மேலே சொன்ன எண்களையே சோதனையாக எழுதி வைக்க முடிந்தது. அதன்பின் இது ஒருமுறைகூட உடையவில்லை.

இழுப்பதில் இன்னொரு பிழை, கண்டுபிடிக்க இதைவிட நேரம் எடுத்தது. 5 மில்லிமீட்டர் கட்டங்களில் வடிவம் ஒட்டிக்கொள்ளும் வசதி சேர்த்ததும் அக்கா சொன்னாள்: “வேகமா இழுத்தா போகுது, மெதுவா இழுத்தா போகவே மாட்டேங்குது.” மவுஸ் நகரும் ஒவ்வொரு நொடித்துளியிலும் அந்தச் சிறு நகர்வை வடிவத்தின் தற்போதைய இடத்தோடு கூட்டி, உடனே கட்டத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு நகர்வும் அரைக் கட்டத்துக்கும் குறைவு, எனவே ஒவ்வொரு முறையும் பழைய கட்டத்துக்கே திரும்பிவிடும். இழுக்கத் தொடங்கியபோது இருந்த இடத்தை ஒருமுறை குறித்துக்கொண்டு, அங்கிருந்து மொத்த நகர்வைக் கூட்டி, அதன் விடையை மட்டும் ஒட்ட வேண்டும்.

மவுஸ் சாளரத்துக்கு வெளியே போய் அங்கே விடப்பட்டால், விட்ட செய்தியே நிரலுக்கு வராது. திரும்பி வரும்போது வடிவம் சுட்டியோடு ஒட்டிக்கொண்டே திரியும். அழுத்தும்போதே சுட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியை உலாவி தருகிறது, அதைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. வரையும் கருவி, தேர்வுக் கருவி, எழுத்துக் கருவி ஒவ்வொன்றுக்கும் ‘அழுத்தியது, நகர்ந்தது, விட்டது’ என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதியதும் நல்லதாயிற்று. கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்காமும் ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில், வரைவு நிரல்கள் எழுதுவதற்கான ஹாட்டிரா என்ற சட்டகத்தை உருவாக்கியபோதே கருவி, உருவம், கைப்பிடி என்று இப்படித்தான் பிரித்திருந்தார்கள். பிறகு எரிக் காமா அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார். இன்றும் புதிதாக ஒரு வரைவு நிரல் எழுத உட்காருகிறவர் அந்தப் பிரிப்புக்குத்தான் வந்துசேர்வார்.

அன்டூ

செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ வசதிக்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கட்டளைப் பொருளாக வைத்து, அதற்கு நேரெதிர்க் கட்டளையையும் எழுதி வைப்பது ஒரு வழி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் முழுப் பட்டியலையும் நகலெடுத்து வைப்பது இன்னொரு வழி. முதல் வழிதான் நேர்த்தியானது என்று பலர் சொல்வார்கள். இந்த அளவிலான நிரலுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. ஒரு படத்தில் 60 வடிவங்கள், ஒன்றுக்கு 150 பைட் என்று வைத்தால் ஒரு நகல் 9,000 பைட். நூறு படி பின்னால் போனாலும் ஒரு மெகாபைட் ஆகாது. எதிர்க்கட்டளை எழுதத் தேவையில்லை என்பதால், எழுதும்போது தவறும் வராது. பலர் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நிரலாக இருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

ஆனால் எப்போது நகலெடுப்பது என்பதில் தவறினேன். மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் எடுத்தேன். ஒரு வட்டத்தை இழுத்துவிட்டு அன்டூ அழுத்தினால் அது ஒரு பிக்சல் மட்டும் பின்னால் வந்தது. மனிதருக்கு ஒரு செயல் என்பது அழுத்தியதிலிருந்து விட்டது வரை. அந்தக் காலத்துக்கு ஒரே நகல். இடையில் எதுவும் மாறவில்லையென்றால் அதுவும் கூடாது.

எழுத்துகள்

‘உயரம்’, ‘ஆரம்’, ‘கோணம்’ போன்ற சொற்களைப் படத்தில் எழுத, விசைகளை நானே வாங்கி எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் இது நிற்காது. ‘நி’ நமக்கு ஓர் எழுத்து. உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அதன் நீளம் 2, ‘ந’ ஒன்று, இகரக் குறி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இடஞ்சுட்டி போய் நின்றது. அந்த இடத்தில் வரியை உடைத்தபோது இகரக் குறி மட்டும் புள்ளி வட்டத்தோடு அடுத்த வரியில் தனியாக நின்றது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் செல்போனில் தட்டும்போது எந்த விசை என்பதே நிரலுக்குச் சரியாக வரவில்லை. எழுத்துக் கருவியை முழுவதும் கைவிட்டு, உலாவியின் சொந்த எழுதுபெட்டியை அந்த இடத்தில் மிதக்கவிட்டு, எழுதி முடித்ததும் சொல்லை மட்டும் பதிவுக்கு எடுத்துக்கொண்டேன். இந்தப் பிரச்சினைகளில் பல வருடம் உழைத்தவர்களின் வேலை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் திரும்ப எழுத முயன்றது நேர விரயம்.

திரைக்குக் கேன்வாஸ், அச்சுக்கு எஸ்விஜி (படத்தை வடிவங்களாகவே எழுதி வைக்கும் முறை) என்று இரண்டு வைத்திருந்ததையும் இங்கேதான் கைவிட்டேன். திரையில் கோட்டின் நடுவில் இருந்த சொல் தாளில் சற்றுத் தள்ளி விழுந்தது. திரையிலும் எஸ்விஜி ஆக்கியபின் பார்த்ததே தாளிலும் வந்தது. பள்ளிக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், எழுத்துருவைத் தன்னுள்ளேயே கொண்டுபோகும் பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்துவிட்டேன்.

சேமித்த கோப்பில் பதிப்பு எண் போடாதது என் பெரிய தவறு. முதலில் கோணத்தை டிகிரியில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனுக்கு மாறினேன். பழைய கோப்பில் 90 டிகிரி திருப்பிய செவ்வகம், 90 ரேடியன் என்று படிக்கப்பட்டு ஏறத்தாழ 117 டிகிரியில் போய் நின்றது. அக்கா ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த படங்கள் அவை. எது பழையது, எது புதியது என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தோம்.

பெயரும் செங்கோணமும்

“முக்கோணம் போயிடுச்சு, பேரு மட்டும் இங்கயே நிக்குது.” முனைப் பெயர்களை முக்கோணத்தோடு கட்ட வேண்டும். குழுவாக்கினால் முக்கோணத்தைப் பெரிதாக்கும்போது எழுத்தும் உப்பும். எனவே பெயரின் பதிவில், எந்த முக்கோணம், எத்தனையாவது முனை, அதிலிருந்து எவ்வளவு விலகல் என்ற மூன்றை மட்டும் வைத்தேன். அதன் சொந்த இடம் எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு முறையும் முனையைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது.

கோணக் குறியும் அதே வழியில் வந்தது. முனையை இழுத்தால் வில் தானே விரியும், சுருங்கும். 90 டிகிரி என்றால் வில்லுக்குப் பதில் சிறு சதுரக் குறி வர வேண்டும். கையால் இழுத்துச் சரியாக 90-ல் நிறுத்த யாராலும் முடியாது. 89.5 முதல் 90.5 வரை சதுரக் குறி போட்டுவிடலாம் என்று சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “89.6-க்குச் சதுரம் போட்டா, பிள்ளைங்க அதை நம்பி பிதாகரஸ் போடுவாங்க. படம் பொய் சொல்லக் கூடாதுடா.”

அப்படியானால் குறியை மாற்றக் கூடாது, முனையைத்தான் மாற்ற வேண்டும். ஸ்கெட்ச்பேடில் இரண்டு கோடுகளைச் செங்குத்தாக இருக்கச் சொன்னால் நிரலே அவற்றை அப்படி ஆக்கித் தரும். அவ்வளவு பெரிய பொறி எனக்கு வேண்டாம், ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். ஆனால் முனையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பக்கங்களின் சாய்வுகளை வைத்துச் சமன்பாடு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டாள்.

“அரைவட்டத்தில் அமையும் கோணம்?”

“செங்கோணம்.”

“அப்ப முனையை இந்த வட்டத்து மேல கொண்டு வை.”

எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளி மையம், அதன் பாதி நீளம் ஆரம். மையத்திலிருந்து முனை இருக்கும் திசையில் அந்த ஆரத்தின் தூரத்தில் புதிய முனை. கோணம் 90-க்கு 3 டிகிரி அருகில் வந்தால் முனை அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது, பதிவில் ‘செங்கோணம்’ என்று ஒரு புலம் ஏறுகிறது. சதுரக் குறி அந்தப் புலத்தைப் பார்த்து மட்டும் வரையப்படுகிறது. மற்ற இரண்டு முனைகளை இழுத்தாலும் இந்த முனை வட்டத்தின்மேல் நகர்ந்து செங்கோணத்தைக் காக்கிறது. எழுதி முடிக்க நான்கு வரிதான் ஆயிற்று. அரையாண்டு வினாத்தாளின் 14-வது கேள்விக்கான படத்தை அன்றிரவே அதில் வரைந்தாள்.